ஐந்து நாள் தாங்கவேண்டும்

திங்கள் காலை ஏழரைக்கு
பள்ளிக்கூட முகாமுக்குப் பேருந்து.
இன்று ஞாயிறு, பின்னேரம் நாலு மணி.
குளியல்தொட்டி விளிம்பில் லுவாம்,
தலையில் ஒரு மேகம்,
மேகத்துக்குள் வியாழக்கிழமையின் பென்சில் சீவல்.

ஸெனாயித் எழும்பி நடக்கக்கூடாது.
மகப்பேற்று வார்டில் இடப்பக்கம் சரிந்தபடி
தொலைபேசியில் சொல்கிறாள்:
‘ஐந்து நாள் தாங்கவேண்டும்.
அங்கே ஒருவருக்கும் இந்தத் தலையைத் தெரியாது.’

எனக்கும் தெரியாது என்பதை
எட்டு வருடமாய் ஒளித்து வைத்திருந்தேன்.

என் தலைக்கு ஒரு சீப்பு, ஐந்து விநாடி,
பிறகு மஞ்சள் கவசத்தொப்பி.
கட்டடங்களுக்குள் மின்கம்பி இழுப்பவன் நான்.
வெள்ளிக்கிழமை பூம்ப்லிட்ஸில், பூசாத ஒரு நாலாம் மாடியில்,
சாப்பாட்டு நேரம்
மூன்று துண்டுக் கம்பி எடுத்துப் பழகினேன்:
மண்நிறம், நீலம், மஞ்சள்பச்சை.
இடது நடுவுக்கு. வலது நடுவுக்கு.
ஷ்பெண்ட் மெல்வதை நிறுத்திப் பார்த்தான்.
சிரிக்கவில்லை.
‘எத்தனை வயது?’ என்று மட்டும் கேட்டான்.

கம்பி நோகுது என்று சொல்லாது.

‘நுனியில இருந்து அப்பா,
வேரில இருந்து இல்லை.’
தண்ணீர் தெளித்தேன். கிரீம் தடவினேன்.
விரலால் முதலில், அகலப் பல் சீப்பால் பிறகு.
நனைந்த ஒரு சுருளை இழுத்தால்
தோள் தாண்டி வருகிறது,
விட்டால் காதுக்கு ஏறி ஒளிகிறது.
இவ்வளவு நீளத்தை எங்கேயடி வைத்திருந்தாய்?

என் கை தன்பாட்டில் தேங்காய் எண்ணெய்க்குப் போனது.
அவள் தட்டிவிட்டாள்.
‘அது மேலேயே நிக்கும். அம்மாவின்ர டப்பா.’
ஷியா வெண்ணெய், மரத்தின் மணம்,
உள்ளங்கையில் வைத்து உருக்கவேண்டுமாம்.

எட்டுப் பாத்தி. வால் சீப்பின் நுனியால் வகிடு.
ஏழைக் கிளிப்பில் அடைத்துவிட்டு
ஒன்றை மட்டும் வெளியே விட்டேன்.
மூன்று புரி.
முதல் பின்னலை நான் இறுக்கிய இறுக்கில்
அவள் புருவம் மேலே போயிற்று.
‘ஏன் என்னை ஆச்சரியப்பட வைக்கிறீங்கள்?’

முறுக்கு இறுகினால் கம்பி நன்றாய்ப் பிடிக்கும்.
முடி அப்படியில்லை,
நெற்றியோரத்தில் கோபித்துக்கொண்டு போய்விடும்,
திரும்பி வர மாதக்கணக்காகும்.
அவிழ்த்தேன். திரும்பப் பின்னினேன்.
மூன்றாவது தடவைதான்
புரி எனக்குப் புரிந்தது.

ஆறரைக்குப் படம் எடுத்து வார்டுக்கு அனுப்பினோம்.
நீண்ட நேரம் பதில் இல்லை.
பிறகு வந்தது:
‘நடு வகிடு ஆரே ஆறு மாதிரி வளையுது.’
அதற்குக் கீழே:
‘விடு. வடிவாயிருக்கு.’

பைக்குள் கடைசியாய் ஊதா சாட்டின் தொப்பி.
இரவில் போடவேண்டும், தலையணை முடியைத் தின்னாமல்.
அங்கே பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வாய்?
‘முடி நித்திரை கொள்ளுது எண்டு சொல்லுவன்.’

*

வெள்ளி, நாலரை. பேருந்துக் கதவு.
ஏழு பின்னல் நான் போட்டவை,
கொஞ்சம் பஞ்சடித்து, ஒன்றில் ஊசியிலை ஒட்டி.
காதோரத்து எட்டாவது
வேறு ஒரு கை.
நுனியில் பச்சைக் கம்பளி நூல்.

‘அது அவிழ்ந்துபோச்சு. மேல் கட்டில் அனூக் பின்னினவள்.
முதல் சரியாய் இறுக்கினாள்.
நான் சொல்லிக்கொடுத்தன்.’

வீட்டில் அவளை அதே விளிம்பில் இருத்தி
தண்ணீர் தெளித்தேன்.
பச்சை நூலை எறியவேண்டாம் என்றாள்.
யன்னல் கட்டில், மண்நிறம் நீலம் மஞ்சள்பச்சைக்குப் பக்கத்தில்
வைத்துவிட்டு வந்து
நுனியில் இருந்து தொடங்கினேன்.